லாபம் மெள்ள வரட்டும்... நஷ்டம் ஓடி வரட்டும்!

பீரோவில் பாட்டியின் கல்யாணப் பட்டு ஏதாவது இருக்கிறதா? இருந்தால், பழைய பட்டுச்சேலை வாங்குகிறவரிடம் ஒருதடவை கொண்டுபோய்க் காட்டிப் பாருங்கள். அரக்கு உடம்பு, பச்சை பார்டர், முந்தியில் அன்னப்பட்சி... எதையும் அவர் பார்க்கமாட்டார். ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார். எடை போடுவார். ‘வெள்ளிக்கு இவ்வளவு வரும்’ என்று ஒரு தொகை சொல்வார். பட்டுக்கு? ஒன்றும் கிடையாது. பாட்டியின் நினைவுக்கு? அதற்கும் கிடையாது.

உங்களுக்குக் கோபம் வரும். ஆனால், அந்த மனிதர் சொன்ன தொகையில் ஒரு விசேஷம் உண்டு. அதற்குக் கீழே அந்தச் சேலை போகாது. கையில் வைத்து நம்பக்கூடிய ஒரே எண் அதுதான்.

அந்தச் சேலையை நெய்த ஊருக்கே போவோம். ‘காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்’ என்பார்கள். சும்மா உட்கார்ந்து ஆட்டுகிற கால் இல்லை ஸார், தறி மிதிக்கிற கால் அது. காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்ய வைக்கும் ஒரு தறி முதலாளியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் கணக்குதான். ரூபாயைப் பார்க்காதீர்கள், முறையை மட்டும் பாருங்கள்.

மார்ச் 31. அவர் அலமாரியில் 100 சேலைகள். ஒவ்வொன்றின் அடக்கம் 18,000 ரூபாய். கடைக்குப் போட்டால் 22,000 கிடைக்கும். சரக்கு மதிப்பு என்ன? ‘22 லட்சம்’ என்று ஆசை சொல்லும். ‘18 லட்சம்தான் எழுதணும்’ என்பார் கணக்குப்பிள்ளை. அதோடு விடமாட்டார். ‘இதுல போன வருஷ கலர் எத்தனை?’ என்று கேட்பார். 20 சேலை. இன்றைக்கு யாரும் சீந்தாத கலர், 11,000-க்குக் கேட்டாலே பெரிசு. அந்த இருபதையும் 11,000-ஆகக் குறைத்து எழுதச் சொல்வார். ஆக, மொத்தம் 16 லட்சத்து 60 ஆயிரம்.

கவனிச்சீங்களா? எண்பது சேலையில் ஒளிந்திருக்கும் லாபத்தை எழுதவில்லை, ஏன்னா அவை இன்னும் விற்கவில்லை. இருபது சேலையில் ஒளிந்திருக்கும் நஷ்டத்தை மட்டும் எழுதியாகிவிட்டது. அவையும்தான் இன்னும் விற்கவில்லை! இது ஓரவஞ்சனை இல்லையா?

ஓரவஞ்சனையேதான். தெரிந்தே செய்கிற ஓரவஞ்சனை. பி.காம். முதல் வருஷத்தில் ‘கன்சர்வேட்டிசம்’ என்ற பெயரில் சொல்லிக்கொடுப்பார்கள். பரீட்சைக்கு முதல் நாள் நாலு வரி மனப்பாடம் பண்ணிவிட்டு மறந்துவிடுவோம். தமிழில் முன்னெச்சரிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். வரக்கூடிய லாபத்தைக் கைக்கு வந்தபிறகு எழுது, வரக்கூடிய நஷ்டத்தை வாசனை வந்தவுடனே எழுது. அவ்வளவுதான் தத்துவம். 1673-ம் வருஷம் பிரான்ஸில் வந்த வர்த்தகச் சட்டத்தின் காலத்திலேயே சரக்கைக் குறைந்த விலைக்கு எழுதும் பேச்சு வந்துவிட்டது. நம் பட்டயக் கணக்காளர் கழகம் 1979-ல் வெளியிட்ட முதல் கணக்கியல் தரத்திலேயே இந்த முன்னெச்சரிக்கை உண்டு. நம் ஊர் மொய் நோட்டைப் பாருங்களேன். கவரைப் பிரித்து எண்ணிய பிறகுதான் எழுதுவார்கள். ‘மாமா 5,000 வைப்பார்’ என்று முன்கூட்டி எழுதி வைப்பவர் யாராவது உண்டா?

சரி, இதில் என்ன வில்லங்கம்? இருக்கிறது. அதே பிள்ளையார்பாளையத்திலேயே இருக்கிறது.

வெள்ளி விலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் கிலோ ஒரு லட்சத்தைத் தொட்டது. 2025 முடிவதற்குள் இரண்டு லட்சத்தையும் தாண்டிவிட்டது. முன்பே அசல் ஜரிகை வாங்கி அடுக்கிவைத்த முதலாளியின் பீரோ, அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கனத்துவிட்டது. கணக்குப் புத்தகத்தில் மட்டும் பழைய விலை. இப்போது அந்தக் கடை அண்ணன், தம்பி இரண்டு பேருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி பிரிந்து போகிறேன் என்கிறார். அண்ணன் புத்தகத்தை விரித்து ‘இதுல பாதி உனக்கு’ என்கிறார். தம்பி ஏமாந்தார்! அதனால்தான் பாகப்பிரிவினை என்று வந்தால் எந்தக் குடும்பமும் கணக்குப் புத்தகத்தை நம்புவதில்லை. பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு சரக்குக்கும் அன்றைய விலை போடுகிறார்கள்.

இதைத்தான் முன்னெச்சரிக்கையின் எதிரிகளும் சொல்கிறார்கள். கணக்கு என்பது கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். நல்லது, கெட்டது இரண்டையும் ஒரே அளவில் காட்ட வேண்டும். கெட்டதை மட்டும் பெரிசாகக் காட்டும் கண்ணாடியை வைத்துக்கொண்டு முதலீட்டாளர் எப்படி முடிவெடுப்பார்? விற்கிறவர் குறைந்த விலைக்கு விற்றுவிட மாட்டாரா? நியாயமான கேள்விதான். சர்வதேசக் கணக்கியல் தர வாரியம் 2010-ல் தன் அடிப்படைக் கோட்பாட்டு ஆவணத்திலிருந்து ‘முன்னெச்சரிக்கை’ என்ற சொல்லையே தூக்கிவிட்டது. நடுநிலை போதும் என்றது. 2008-ல் உலக வங்கிகள் சரிந்த புகை அடங்குவதற்குள் இப்படி ஒரு முடிவு! ஐரோப்பாவில் முதலீட்டாளர்கள் பலர் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் 2018-ல் அந்தச் சொல் திரும்பி வந்தது. ஆனால், பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. நிச்சயமில்லாத இடத்தில் ஜாக்கிரதையாக இரு, அதற்காக வேண்டுமென்றே குறைத்தும் எழுதாதே என்கிறார்கள். மாமியார், மருமகள் இரண்டு பேரையும் சமாதானப்படுத்துகிற பாஷை.

நான் தம்பியின் கட்சியா, முன்னெச்சரிக்கையின் கட்சியா? முன்னெச்சரிக்கையின் கட்சிதான். காரணம், தம்பி கடைக்குள்ளேயே இருந்தவர். பீரோவில் எவ்வளவு ஜரிகை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ‘பீரோவைத் திற’ என்று கேட்க முடியும். நீங்களும் நானும் ஒரு கம்பெனியின் நூறு ஷேர் வைத்திருக்கிறோமே, நம்மால் பீரோவைத் திறக்கச் சொல்ல முடியுமா? வருஷத்துக்கு ஒருமுறை ஒரு தடிமனான அறிக்கை அனுப்புவார்கள். அதை எழுதுகிறவர்களுக்கு நல்ல செய்தியைச் சொல்ல யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டி.வி-யில் சொல்வார்கள், பேட்டியில் சொல்வார்கள், தலைவர் உரையில் கலர் போட்டோவோடு சொல்வார்கள். கெட்ட செய்தியைச் சொல்லத்தான் யாராவது கையைப் பிடித்து எழுதவைக்க வேண்டும். கணக்கியல் விதி செய்ய வேண்டிய வேலை அதுதான்.

சுதீப்தா பாசு என்கிற கணக்கியல் ஆராய்ச்சியாளர் 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார். 1963 முதல் 1990 வரையிலான அமெரிக்கக் கம்பெனிகளின் கணக்கையும் ஷேர் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விலை ஏறினால் அது நல்ல செய்தி, இறங்கினால் கெட்ட செய்தி. அந்த வருஷ லாபக் கணக்கில் கெட்ட செய்தி, நல்ல செய்தியைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு அழுத்தமாகப் பதிவாகியிருந்தது. அதாவது, ஓரவஞ்சனை அங்கே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.

நம்ம ஊரில் எப்படி? கரூருக்குப் போவோம்.

1926-ல் கரூரில் ஏழு வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்தது லட்சுமி விலாஸ் வங்கி. வியாபாரி, விவசாயி என்று சுற்றுவட்டாரத்துக்குக் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி. இந்த மாதிரி பழைய தமிழ்நாட்டு வங்கிகளின் ஷேரை நம்மவர்களில் சிலர் ஷேர் என்றே நினைப்பதில்லை. நிலம் மாதிரி, நகை மாதிரி அப்படியே பிள்ளைக்கு விட்டுவிட்டுப் போவார்கள்.

2016-17 நிதியாண்டில் அந்த வங்கி காட்டிய நிகர லாபம் 256 கோடி ரூபாய். மொத்த வாராக்கடன், கொடுத்த கடனில் 2.67 சதவிகிதம். அழகான எண். நூறு ரூபாய் கொடுத்தால் இரண்டே முக்கால் ரூபாய்கூட சிக்கலில் இல்லை. அதே 2017 டிசம்பரில் ஏற்கெனவே ஷேர் வைத்திருந்தவர்களிடம் உரிமைப் பங்கு வெளியீட்டுக்கு வந்தது. ஒரு ஷேர் 122 ரூபாய். கணக்கைப் பார்த்துத்தானே முடிவெடுக்கணும்? பார்த்தவர்கள் கண்ணில் பட்டது லாபக் கணக்கு. பணம் கட்டினார்கள்.

அடுத்த மார்ச் வந்தது. 2017-18 நிதியாண்டுக்கு வங்கி காட்டியது 585 கோடி நஷ்டம். வாராக்கடன் 9.98 சதவிகிதம். அதற்கடுத்த வருஷம் நஷ்டம் 894 கோடி, வாராக்கடன் 15.30. அதற்கும் அடுத்த வருஷம் 836 கோடி, 25.39. கொடுத்த நாலு ரூபாயில் ஒரு ரூபாய் போச்சு! இடையில் 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தன் கண்காணிப்பு வளையத்துக்குள் கொண்டுவந்தது. 2020 நவம்பர் 17 அன்று பணம் எடுக்கத் தடை விழுந்தது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, டி.பி.எஸ். வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைத்துவிட்டார்கள். டெபாசிட் போட்டவர் பணம் பிழைத்தது. ஷேர் வைத்திருந்தவருக்கு? பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி. பைசா கிடையாது. பழைய பட்டு வாங்குகிறவராவது வெள்ளிக்குக் காசு கொடுப்பார்.

இப்போது ஒரு நிமிஷம் நிறுத்தி அந்த எண்களை மறுபடி படியுங்கள். 2.67... 9.98... 15.30... 25.39. ஒரு வங்கியின் கடன் இப்படி வருஷாவருஷம் புதுசு புதுசாகவா கெட்டுப்போகும்? கடன் கெடுவது கத்திரிக்காய் கெடுகிற மாதிரி இல்லை. கடன் வாங்கியவரின் மில்லில் வேலை குறைந்த அன்றைக்கே, வட்டி கட்ட இன்னொரு கடன் கேட்ட அன்றைக்கே அது கெட ஆரம்பித்துவிடுகிறது. கணக்கில் ஏறத்தான் வருஷம் பிடிக்கிறது. இதில் விதியை மீறினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விதியே இடம் கொடுத்தது என்பதுதான் என் புகார். வட்டியோ அசலோ 90 நாள் பாக்கி நின்ற பிறகுதான் வாராக்கடன் என்று எழுத வேண்டும் என்பது விதி. அதுவரை, கடன் வாங்கியவர் மூழ்கிக்கொண்டிருப்பது ஊருக்கே தெரிந்தாலும் கணக்கில் அது நல்ல கடன்தான். போதாததற்கு, தவணையை மாற்றியமைக்கப் பல திட்டங்கள். 2018 பிப்ரவரி 12 அன்று ஒரே சுற்றறிக்கையில் அந்தத் திட்டங்களை எல்லாம் ரிசர்வ் வங்கி ரத்து செய்தது. பல வங்கிகளில் பூசணிக்காய்கள் சோற்றிலிருந்து எட்டிப் பார்த்தது அந்த மார்ச்சில்தான்.

நம் தறி முதலாளி அந்த இருபது சேலையை ‘மூணு மாசம் பார்ப்போம், அப்புறம் குறைச்சு எழுதிக்கலாம்’ என்று சொன்னால் கணக்குப்பிள்ளை விடுவாரா?

லட்சுமி விலாஸை மட்டும் சொல்வது நியாயமில்லை. இது ஊர் முழுக்க இருந்த வியாதி. 2015-ல் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தபோது, வங்கிகளின் கடன் புத்தகங்களைத் தனியாகத் தோண்டிப் பார்க்கச் சொன்னார். 2015 மார்ச்சில் 4.3 சதவிகிதமாக இருந்த இந்திய வங்கிகளின் வாராக்கடன், அடுத்த மார்ச்சில் 7.5 ஆனது. 2018 மார்ச்சில் 11.2. பெரும்பாலும் பழைய கடன்கள்தான். பெயர் மட்டும்தான் புதிசாக மாறியது.

யெஸ் பேங்க் கதை இன்னும் சுவாரஸ்யம். 2015-16-க்கு அந்த வங்கி சொன்ன வாராக்கடன் சுமார் 749 கோடி. ரிசர்வ் வங்கி வந்து எண்ணிப் பார்த்தபோது சுமார் 4,926 கோடி! ஆறு மடங்குக்கும் மேலே. ஒரே வங்கி, ஒரே தேதி, ஒரே கடன் புத்தகம். இரண்டு பேர் எண்ணுகிறார்கள், இரண்டு விடை. இந்த வித்தியாசம் நமக்கு எப்படித் தெரிந்தது? ‘வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் ஆண்டறிக்கையின் குறிப்புகளில் சொல்லியே ஆக வேண்டும்’ என்று 2017 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்தியது. அதனால் தெரிந்தது. தானாக யார் சொல்வார்கள்? 2020 மார்ச்சில் அந்த வங்கியைக் காப்பாற்ற ஸ்டேட் பேங்க் ஓடி வர வேண்டியிருந்தது.

விமர்சகன் என்ற முறையில் நம் கம்பெனி அறிக்கைகள்மீது எனக்குள்ள பெரிய குறை இங்கேதான். முன்னெச்சரிக்கையே இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது, தப்பான இடத்தில் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு முன் வாங்கிய மில் நிலத்தை அந்தக் கால விலைக்கே வைத்திருப்பார்கள். அங்கே அப்படி ஒரு அடக்கம்! ஆனால், வசூலாகுமா என்று தெரியாத பாக்கியை முழுசாகச் சொத்துப் பக்கத்தில் எழுதுவார்கள். பெரிய விலை கொடுத்து வாங்கிய துணைக் கம்பெனி படுத்துவிட்டது என்று வாட்ச்மேனுக்குத் தெரியும், பேலன்ஸ் ஷீட்டுக்குத் தெரியாது. நிலத்தைக் குறைத்துக் காட்டினால் என்ன ஆகும்? அவசரப்பட்டு விற்றவருக்கு லாபம் கொஞ்சம் கைநழுவும். கடனைக் கூட்டிக் காட்டினால்? நம்பி வாங்கியவருக்கு முதலே போய்விடும். இரண்டும் ஒன்றா? தட்டிப்போன லாபத்துக்கு ஒருநாள் வருத்தப்படுவோம், போன முதலுக்கு மகள் கல்யாணம் தள்ளிப்போகும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு கம்பெனி பெரிய நஷ்டம் அடைகிறது. ‘பின்னாடி லாபம் வரும்போது இந்த நஷ்டத்தைக் காட்டி வரி மிச்சம் பிடிப்போம்’ என்று கணக்குப் போட்டு, அந்த வரி மிச்சத்தை இன்றைக்கே ஒரு சொத்தாக எழுதிக்கொள்ளலாம். நஷ்டமே சொத்து! பழைய இந்தியத் தரம் இதில் கறாராக இருந்தது. லாபம் வருவது ஏறக்குறைய நிச்சயம் என்றால்தான் எழுதலாம் என்றது. 2016-17 முதல் பெரிய கம்பெனிகளுக்கு வந்த புதிய தரத்தில், வர வாய்ப்பு அதிகம், நம்பும்படி ஆதாரமும் இருக்கிறது என்றால் போதும். ‘நிச்சயம்’ போய் ‘வாய்ப்பு’ வந்துவிட்டது. கல்யாணப் பேச்சில் இந்த இரண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் நாம். கணக்கில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

முன்னெச்சரிக்கையின் பெயரைச் சொல்லி செய்கிற தில்லுமுல்லும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். நல்ல வருஷத்தில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தேவைக்கு மேல் ஒதுக்கி வைப்பது, மோசமான வருஷத்தில் அதை எடுத்து லாபம் மாதிரிக் காட்டுவது. சர்க்கரை டப்பாவில் அஞ்சும் பத்துமாகச் சேர்த்து மாசக் கடைசியில் எடுக்கிற அம்மாவின் சாமர்த்தியம்தான். வீட்டில் அது சிக்கனம், கம்பெனியில் அது ஏமாற்று. புதிதாக வந்த நிர்வாக இயக்குநர் முதல் வருஷமே எல்லாக் குப்பையையும் நஷ்டத்தில் தள்ளிவிட்டு, இரண்டாம் வருஷம் ‘பார், நான் வந்தேன், லாபம் வந்தது’ என்று மார்தட்டுவதும் இந்த வகைதான். நஷ்டத்தைச் சீக்கிரம் எழுது என்றால், இல்லாத நஷ்டத்தை எழுது என்று அர்த்தமில்லை. அந்த இருபது சேலையை 11,000-க்குக் குறைக்கலாம். நூறையும் குறைத்தால் அவர் வேறு ஏதோ திட்டம் போடுகிறார்.

‘சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்னாச்சு?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 2009 ஜனவரி 7 அன்று ராமலிங்க ராஜு தன் கடிதத்தில் ஒப்புக்கொண்டதில் பெரிய ஐட்டம், வங்கியில் இருப்பதாகக் காட்டி இல்லாமல்போன 5,040 கோடி. அது முன்னெச்சரிக்கைக் குறைவு இல்லை ஸார், அது பொய். பொய்க்குக் கணக்கியல் தரத்தில் மருந்து இல்லை, அது போலீஸ் டிபார்ட்மென்ட். நான் பேசுவது உண்மையையே தாமதமாகச் சொல்லும் கலையைப் பற்றி. ஜெயில் இல்லாத கலை என்பதால் இதைப் பழகுகிறவர்கள் அதிகம்.

அப்படியானால் 300 பக்க ஆண்டறிக்கையை என்ன செய்வது? முன்பு தபாலில் வந்தது, பழைய பேப்பர்காரராவது எடுத்துக்கொண்டார். இப்போது மெயிலில் வருகிறது, அந்தப் பிரயோஜனமும் போச்சு. நேராகப் பின்பக்கத்துக்குப் போங்கள். 2018-19 முதல் ஷேர் மார்க்கெட்டில் உள்ள கம்பெனிகளின் ஆடிட்டர், தணிக்கையில் தனக்கு அதிகம் மண்டைக்குடைச்சல் கொடுத்த விஷயங்கள் எவை என்று தன் அறிக்கையில் தனித் தலைப்பில் எழுதியாக வேண்டும். ‘முக்கியத் தணிக்கை விஷயங்கள்’ என்று இருக்கும். நாலைந்து பத்திதான். சேர்மன் உரையில் ‘ஒளிமயமான எதிர்காலம்’ என்று வருகிற அதே கம்பெனியைப் பற்றி, இங்கே ‘இந்தப் பாக்கி வசூலாகும் என்ற நிர்வாகத்தின் கணிப்பைச் சோதித்தோம்’ என்று ஒரு வரி இருக்கலாம். அந்தக் கணிப்பு யாருடையது? நிர்வாகத்துடையது.

அப்படியே குறிப்புகளுக்கு வந்து பாக்கிப் பட்டியலைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள், ஒரு வருஷத்துக்குள், இரண்டு வருஷம், மூன்று வருஷத்துக்கு மேல் என்று வயதுவாரியாகப் பிரித்திருப்பார்கள். மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட கட்டத்தில் எவ்வளவு நிற்கிறது, அதில் எவ்வளவு போனதாக எழுதியிருக்கிறார்கள்? போன வருஷத்து எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். பாக்கி கூடிக்கொண்டே போய், எழுதியது மட்டும் அப்படியே நின்றால், அந்த வருஷத்து லாபத்தில் எவ்வளவு லாபம், எவ்வளவு ஆசை என்று பென்சிலால் ஓரத்தில் நீங்களே கழித்துப் பாருங்கள்.